எடை போடாமல் டயர் வாங்காதீர்கள்

கேள்வி:

ஐயா, ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். 2025 மார்ச்சில் 26 அடி நீள டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பயண வீடு) ஒன்று புதிதாக வாங்கினோம். மொத்த எடை வரம்பு 7,600 பவுண்டு என்று ஸ்டிக்கரில் இருக்கிறது. இரண்டு ஆக்சில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு. டயர் எஸ்டி205/75ஆர்14, லோடு ரேஞ்ச் (எடை தாங்கும் வகுப்பு) டி, காற்றழுத்தம் 65 பிஎஸ்ஐ. சீனத் தயாரிப்பு, பெயர் கேள்விப்பட்டதே இல்லை. பக்கவாட்டில் கடைசி நான்கு எண் 3823. சமையலறையும் சோபாவும் உள்ள ஸ்லைடு, அதாவது நிறுத்தியதும் வெளியே தள்ளி விரிக்கும் பகுதி, இடது பக்கம் இருக்கிறது.

டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் "அது சைனா பாம் (வெடிகுண்டு), முதல் நாளே கழற்றிவிட்டு குட்இயர் எண்டூரன்ஸ் மாட்டு" என்கிறார்கள். டீலரோ "கம்பெனி டயரே போதும், தேய்ந்த பிறகு மாற்றினால் சரி" என்கிறார். நான்கும் மாற்ற 680 டாலர் கேட்கிறார்கள். ஜூன் மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிராண்ட் கேன்யன் போய்வரத் திட்டம். (டீலரிடமிருந்து 60 மைல் இழுத்துவந்து, மறுநாள் காலையில் பார்த்தபோது மூன்று டயரில் காற்று 46 முதல் 48 வரை இருந்தது. இடது பின் டயரில் 36. எல்லாவற்றையும் 65க்கு அடித்துவிட்டேன்.) மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 36, அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. டயரின் பெயரைவிட, அது எந்த நாட்டில் செய்தது என்பதைவிட, உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் நண்பர்கள் சொல்வதையும் டீலர் சொல்வதையும் பார்த்துவிடலாம். இரண்டு பேச்சிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது.

டெக்சஸில் டிரெய்லர் டயரும் ஆக்சிலும்தான் 20 வருடமாக என் பிழைப்பு. "தேய்ந்த பிறகு மாற்றினால் சரி" என்பது காருக்குப் பொருந்தும். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கும், இரண்டு மாதம் முழுச் சுமையோடு ஓடும். பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளப் பகுதி) புதிதுபோல் இருக்கும்போதே உள்ளே ரப்பர் கிழடாகிவிடும். என் கடைக்கு வெடித்துவரும் டிரெய்லர் டயர்களில் பெரும்பாலானவற்றில் பட்டன் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும். மொட்டை டயரைப் பார்ப்பதே அரிது. அதனால் பட்டனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து வருடம், அதற்குமேல் வைத்துக்கொள்ளவேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு.

உங்கள் டயரில் 3823 என்றால் 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரம், அதாவது செப்டம்பர். நீங்கள் வாங்கிய அன்றே அதற்கு வயது ஒன்றரை. டிரெய்லர் புதிது, டயர் புதிதல்ல. இதில் மோசடி ஒன்றும் இல்லை. டயர் தொழிற்சாலைக் கிடங்கில் கொஞ்ச நாள், கப்பலில் கொஞ்ச நாள், டிரெய்லர் கட்டுமிடத்தில் கொஞ்ச நாள், டீலர் மைதானத்தில் கொஞ்ச நாள் என்று அந்தக் காலம் கழிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஆர்விகளில் (வீட்டு வசதியுள்ள பயண வண்டிகள், டிரெய்லர்கள்) பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் செய்யப்படுகின்றன. இந்த வகை டிரெய்லரைப் பொதுவாக லாரியில் ஏற்றி அனுப்புவதில்லை. ஒரு பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் டிரெய்லரும் அங்கே செய்ததாக இருந்தால் 1,000 மைலுக்குமேல் இதே டயர்களில் உருண்டு வந்திருக்கும். என்ன வேகத்தில் வந்தது, எவ்வளவு காற்றோடு வந்தது, எந்தத் திருப்பத்தில் எந்த நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது என்பதெல்லாம் இழுத்துவந்த டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, நண்பர்கள் சொல்லும் "சைனா பாம்" பேச்சுக்கு வருவோம். அந்தப் பெயர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பல வருடங்களாக டிரெய்லர் கம்பெனிகள் ஆக்சில் வரம்புக்கு மயிரிழை மிச்சம் வைத்து, கிடைத்ததில் மலிவான டயரை மாட்டி அனுப்பின. உங்கள் அளவிலேயே உதாரணம் சொல்கிறேன். எஸ்டி205/75ஆர்14 லோடு ரேஞ்ச் சி டயர் ஒன்று 50 பிஎஸ்ஐயில் 1,760 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்தால் 7,040. அதை 7,000 பவுண்டு ஆக்சில்களுக்கு அடியில் மாட்டினால் மிச்சம் வெறும் 40 பவுண்டு. ஆர்வி தயாரிப்பாளர்களின் சங்கம் 2017இல்தான் டயர்களின் தாங்குதிறன் ஆக்சில் வரம்பைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக இருக்கவேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு விதி வைத்தது.

சட்டமும் கொஞ்சம் பாராமுகமாகத்தான் இருந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்த பிறகு 2000இல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி கார், சிறு டிரக் டயர்களுக்கான சோதனைகளைக் கடுமையாக்கினார்கள். காற்று குறைந்த நிலையிலும் ஓட்டிப் பார்க்கும் சோதனை சேர்ந்தது. எஸ்டி என்று குறியிட்ட டிரெய்லர் டயர்களை மட்டும் பழைய விதியிலேயே விட்டுவிட்டார்கள். குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டும் வண்டியின் பின்னால் வருவதும் அதே குடும்பத்தின் சுமைதானே? அதற்கு ஏன் குறைந்த சோதனை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

ஆனாலும் இதை "சீன டயர்" என்று சுருக்குவது தவறு. பெரிய ஃபிஃப்த் வீல் (பிக்கப் வண்டியின் தளத்தில் மாட்டி இழுக்கும் கனமான டிரெய்லர்) வைத்திருப்பவர்கள் தேடிப்போய் வாங்கும் முழு எஃகு டயர்களில் ஒன்று சைலுன் எஸ்637. அது சீனக் கம்பெனிதான். என் கையால் நிறைய மாட்டியிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த நாடு என்பதைவிட என்ன விலைக்குச் செய்யச் சொன்னார்கள், எவ்வளவு மிச்சம் வைத்து மாட்டினார்கள், மாட்டியவர் எவ்வளவு காற்று வைத்து ஓட்டினார் என்பவைதான் ஒரு டயரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் டயர் லோடு ரேஞ்ச் டி. 65 பிஎஸ்ஐயில் ஒன்றுக்கு 2,040 பவுண்டு. நண்பர்கள் சொல்லும் எண்டூரன்ஸ் நல்ல டயர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017இல் அவர்களுடைய பழைய மாரத்தான் டயருக்குப் பதிலாக வந்தது, அமெரிக்காவில் செய்வது, வேகக் குறியீடு 'என்', அதாவது 87 மைல் வரை. ஆனால் உங்கள் அளவில் அதுவும் லோடு ரேஞ்ச் டிதான். அதுவும் 65 பிஎஸ்ஐயில் அதே 2,040 பவுண்டுதான். 680 டாலர் கொடுத்து மாற்றினால் உறுதியான டயர் கிடைக்கும், வெப்பத்தை நன்றாகத் தாங்கும், புதுத் தேதி கிடைக்கும். தாங்கும் எடையில் ஒரு பவுண்டுகூட ஏறாது.

இதைப் பலர் யோசிப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவர் கோபத்தோடு வந்தார். டிரெய்லர் வாங்கிய வாரமே பெயர்பெற்ற டயர்களாக நான்கையும் மாற்றியவர். முதல் நீண்ட பயணத்திலேயே ஒன்று வெடித்துவிட்டது. "இவ்வளவு காசு போட்டும் இப்படியா?" என்றார். எடை போடச் சொன்னேன். மேல்பார்வைக்கு மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. சக்கரம் சக்கரமாகப் போட்டபோதுதான் ஒரு மூலை மட்டும் டயரின் வரம்பைத் தாண்டி நின்றது தெரிந்தது. ஸ்லைடு, குளிர்பெட்டி, அதற்கு நேர் கீழே பெட்டியில் அவர் அடுக்கிய கருவிகள் எல்லாம் அந்த மூலையில். அவர் வாங்கவேண்டியிருந்தது வேறு பெயரில் அதே டயர் அல்ல, அதிக எடை தாங்கும் டயர். இல்லையென்றால் சாமான்களை இடம் மாற்றியிருந்தாலே போதும், செலவே இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு டயர் 8,160 பவுண்டு. ஆக்சில் இரண்டும் 7,000. காகிதத்தில் 16 விழுக்காட்டுக்குமேல் மிச்சம். உங்கள் டிரெய்லர் கம்பெனி அந்தப் பத்து விழுக்காட்டு விதியைத் தாண்டியே மாட்டியிருக்கிறது, பரவாயில்லை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி) வழியாக உங்கள் வண்டியின் தலையில் போய்விடும், மிச்சம்தான் சக்கரங்களுக்கு. முழுச் சுமையில் ஆக்சில்கள்மேல் 6,640 பவுண்டு இறங்குகிறது என்று வையுங்கள். நாலால் வகுத்தால் 1,660. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் டிரெய்லர் நாலால் வகுத்துக்கொண்டு நிற்பதில்லை. இடப்பக்க ஸ்லைடு உள்ள வண்டியில் இடது முன் 1,880, இடது பின் 1,720, வலது முன் 1,560, வலது பின் 1,480 என்று நிற்பது சாதாரணம். கூட்டிப் பாருங்கள், அதே 6,640தான். ஆனால் இடது முன் டயருக்கு மிச்சம் எட்டு விழுக்காடுகூட இல்லை. அதோடு நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 40 கேலனுக்கு இன்னும் 330 பவுண்டுக்குமேல். தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கூடுதலாக அழுத்தும்.

அதனால்தான் முதல் வேலை எடை. பயணத்துக்கு எப்படிக் கிளம்புவீர்களோ அப்படியே, சாப்பாட்டுச் சாமான், துணிமணி, கேஸ், தண்ணீர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஐ-10 ஓரத்தில் இருக்கும் ஏதாவது பெரிய டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்னும் லாரி எடை மேடையில் ஏறுங்கள். செலவு 15 டாலர் அளவுதான். வண்டியின் முன் ஆக்சில் ஒரு தட்டில், பின் ஆக்சில் ஒரு தட்டில், டிரெய்லர் ஆக்சில் இரண்டும் மூன்றாவது தட்டில் நிற்கவேண்டும். அது மொத்தத்தைத்தான் சொல்லும். சக்கரம் சக்கரமாக அறிய, ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி சங்கத்தின் இடத்தில் தனித்தனியாக எடை போட்டுத் தருவார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். ஒரு சனிக்கிழமை காலை போகும். அந்த அரை நாள் பயணம் 680 டாலரைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

கனமான சக்கரத்தில் 1,730 பவுண்டுக்குள் இருந்தால், அதாவது 15 விழுக்காடு மிச்சம் இருந்தால், இதே அளவு டயர் உங்களுக்குப் போதும். அதைத் தாண்டினால் முதலில் சாமான்களை வலப்பக்கம் மாற்றுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் 15 அங்குலச் சக்கரத்துக்குப் போவதைப் பற்றிப் பேசலாம். எஸ்டி225/75ஆர்15 லோடு ரேஞ்ச் டி ஒன்று 2,540 பவுண்டு தாங்கும். ஆனால் அதன் விட்டம் உங்கள் டயரைவிட இரண்டு அங்குலத்துக்குமேல் பெரிது. மேலே வளைவுக்கும் டயருக்கும் இடையே, முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. ரிம்மின் பின்புறம் அதன் எடை வரம்பு பொறித்திருக்கும், அதையும் படியுங்கள். டயர் 2,540 தாங்கி ரிம் 2,150தான் தாங்கும் என்றால் உங்கள் வரம்பு 2,150தான்.

இப்போது அந்த 36.

டயரை உள்ளிருந்து தூக்கிப் பிடிப்பது காற்றுதான், ரப்பர் அல்ல. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் பட்டனுக்கு அடியில் உள்ள எஃகு பெல்ட்டின் ஓரங்களில் சேரும். ரப்பருக்கும் எஃகுக்கும் இடையே உள்ள பிடிப்பு அங்கே மெல்ல விட ஆரம்பிக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு நீங்கள் 65க்குக் காற்று அடித்தாலும் உள்ளே விட்டுப்போன பிடிப்பு திரும்ப ஒட்டாது.

இதில் காற்றுக்கும் எடைக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். உங்கள் லோடு ரேஞ்ச் டி டயர் 65இல் 2,040 தாங்கும். அதையே 50இல் வைத்தால் 1,760தான், அதாவது டி டயர் வாங்கி சி டயராக ஓட்டுகிறோம். 36இல் 1,500க்கும் கீழே போய்விடும். டிரெய்லர் காலியாக வந்ததால் சக்கரத்துக்கு 1,350, 1,400 அளவில்தான் இருந்திருக்கும், தப்பித்திருக்கலாம். ஆனால் ஸ்லைடு உள்ள பக்கம் அது. மற்ற மூன்றும் 47 வாக்கில் இருக்கும்போது இது மட்டும் 36 என்றால் இரண்டில் ஒன்று. டீலர் கடையில் நான்கையும் சரிபார்க்காமல் விட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் இந்த ஒன்றில் கசிவு இருக்கிறது. அது 60 மைல் மட்டும் 36இல் ஓடியதா, இந்தியானாவிலிருந்தே அப்படி ஓடி வந்ததா என்பது தெரிய வழியில்லை. பெரிய லாரி டயர் வேலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வைக்கவேண்டிய காற்றில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய டயரைக் காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் நினைக்கவேண்டும், கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்று அடிக்கக்கூடாது. உங்களுக்கு 65இன் 80 விழுக்காடு 52. நான்குமே அதற்குக் கீழே இருந்திருக்கின்றன.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஜூன் பயணத்துக்கு முன் நான்கையும் மாற்றுங்கள். சீனாவில் செய்ததற்காக அல்ல. ஒன்றரை வயது, தெரியாத 1,000 மைல், நான்கிலும் குறைந்த காற்று, ஒன்றில் மிகக் குறைவு, பிறகு ஜூன் மாதத்து மேற்கு டெக்சஸ், போக வர 2,500 மைல், பின்னிருக்கையில் பிள்ளைகள். இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் இந்தப் பயணத்தை இதே டயரில் முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். எல்லாம் ஒன்றாக வரும்போது என் மனம் ஒப்பவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் எடை போடுங்கள். எந்த அளவு வாங்குவது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.

இன்றே செய்யவேண்டியதும் உண்டு. நீங்கள் குறித்த காற்று அளவுகளைத் தேதியோடு எழுதி டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டயரின் உத்தரவாதம் பெரும்பாலும் டயர் கம்பெனியுடையது, டிரெய்லர் கம்பெனியுடையது அல்ல, ஆனாலும் ஒப்படைக்கும்போது காற்று சரிபார்க்கவேண்டியது டீலரின் வேலை. குறைந்தபட்சம் அந்த ஒரு டயரையாவது மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான நிட்சாவின் தளத்தில் டிரெய்லருக்கும் டயருக்கும் திரும்பப்பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது பின் டயரின் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். வந்தால் டயர்மேல் குற்றமில்லை, வால்வுதான் காரணம்.

கழற்றும் டயர்களைக் குப்பையில் போடவேண்டாம். இடது பின் டயரைத் தவிர மற்ற மூன்றையும் கடைக்காரரிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உட்புறச் சுவரில் வளையமாக நிறம் மாறியிருந்தாலோ, சுருக்கம் விழுந்திருந்தாலோ, கையில் ரப்பர் தூள் ஒட்டினாலோ அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சுத்தமாக இருந்தால், ஓடிய கதையை மறைக்காமல் சொல்லி, ஊருக்குள் குப்பை, மரம் ஏற்றும் சின்ன டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு விற்கலாம். ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், இப்போது பின்னால் தொங்கும் ஸ்டெப்னியின் தேதியையும் காற்றையும் பார்த்தீர்களா? யாரும் பார்ப்பதில்லை. தேவைப்படும் அன்று அதில் 20 பிஎஸ்ஐ இருக்கும்.

புது டயர் மாட்டும் கடையில் சில விஷயங்களைக் கேட்டு வாங்கவேண்டும். டயர் கொண்டுவந்ததும், மாட்டுவதற்கு முன்பே, தேதியைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குமேல் பழையது என்றால் வேறு கொண்டுவரச் சொல்லத் தயங்கவேண்டாம், காசு உங்களுடையது. ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு போடச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் வால்வின் வரம்பே 65 பிஎஸ்ஐதான், வெயிலில் ஓடும்போது அழுத்தம் அதையும் தாண்டி ஏறும். பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். டிரெய்லர் ரிம்மை நடு ஓட்டையை வைத்துப் பிடித்தால் சரியாக வராது, போல்ட் துளைகளை வைத்துப் பிடிக்கவேண்டும், அதற்கான கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் தனியாக உங்கள் பெயரில் பதிவாகவேண்டும், அந்தச் சீட்டை நிரப்பிக் கொடுங்கள்.

வீல் நட்டை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால், ரிம் கம்பெனி சொல்லும் அளவுக்கு முறுக்கவேண்டும். அரை அங்குல போல்ட் என்றால் பொதுவாக 90 முதல் 120 அடி-பவுண்டு. மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். சக்கரம் தனியாகக் கழன்று ஓடி, அதைத் தேடிக்கொண்டு சாலையோரப் புதருக்குள் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் 50 மைலில் நிறுத்திப் பார்க்கவில்லை. ஜாக்கி வைக்கும்போது ஆக்சில் குழாய்க்கு அடியில் வைக்காதீர்கள், டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் வையுங்கள். ஆக்சில் வளைந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், அப்புறம் அந்தப் பழியும் டயர்மேல்தான் விழும்.

கூடவே டிரெய்லருக்கு ஒரு காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி வாங்குங்கள். காரில் கட்டாயமாக இருப்பது டிரெய்லரில் கட்டாயம் இல்லை. பின்னால் ஒரு டயர் மெல்லக் காற்று இறங்குவது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இரட்டை ஆக்சிலில் பக்கத்து டயர் பாரத்தை வாங்கிக்கொள்ளும், பிறகு அதுவும் சூடேறிப் போகும். டயர் வாங்கவே காசு போதாது என்று யாராவது சொன்னால், முதலில் இந்தக் கருவியை வாங்கு என்றுதான் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பெல்ட் பிரிவதை அது சொல்லாது, காற்றும் வெப்பமும் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பெல்ட் பிரிவதைக் கண்டுபிடிக்க உங்கள் உள்ளங்கைதான் கருவி. ஒவ்வொரு முறை டீசலுக்கோ சாப்பாட்டுக்கோ நிறுத்தும்போதும் நான்கு டயரையும் சுற்றிவந்து பாருங்கள். பட்டன் மேல் கையை வைத்துத் தடவுங்கள். மேடு தட்டுப்பட்டால், மற்ற மூன்றைவிட ஒன்று அதிகமாகச் சுட்டால், அங்கேயே நிறுத்தி ஸ்டெப்னி மாட்டுங்கள். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று நினைக்கவேண்டாம். பிரிந்த பட்டன் சவுக்குபோல் அடித்து மேலே உள்ள தரையைக் கிழிக்கும். சில டிரெய்லர்களில் கேஸ் குழாயும் பிரேக் கம்பியும் அந்த வழியாகத்தான் போகும்.

காற்றைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன், வெயில் படாத நேரத்தில் பார்த்து 65 வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது 75 காட்டினால் பயந்து இறக்கிவிடாதீர்கள். ஏறத்தான் செய்யும், 65 என்பதே அதைக் கணக்கில் வைத்துச் சொன்னது. வேகம் 65 மைலுக்குள். மேற்கு டெக்சஸில் ஐ-10 பலகை 80 என்று சொல்லும். ஓட்ட உரிமை இருக்கிறது, உங்கள் டயருக்கு அது நல்லதல்ல. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சட்டமே 55தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பும் விதம். இரட்டை ஆக்சில் டிரெய்லரின் சக்கரங்கள் எதுவும் காரின் முன் சக்கரம்போல் பக்கவாட்டில் திரும்பாது. பெட்ரோல் பங்கில் ஒடித்துத் திருப்பும்போது முன் டயர் ஒரு பக்கம், பின் டயர் மறுபக்கம் தரையோடு இழுபடும். பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள், டயர் ரிம்மிலிருந்து கழன்று வருவதுபோல் வளைந்து நிற்கும். அந்த முறுக்கு முழுவதும் பெல்ட் ஓரத்தில்தான் விழுகிறது, காற்று குறைந்து சூடு சேரும் அதே இடம். நெடுஞ்சாலையில் வெடிக்கும் பல டயர்களின் காயம் முதல் நாள் முகாம் மைதானத்தில் பின்னால் எடுத்து நிறுத்தும்போதே பட்டது. முடிந்தவரை அகலமாகச் சுற்றித் திரும்புங்கள். பின்னால் எடுக்கும்போது ஒரேயடியாக ஒடிக்காமல் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய் நேராக்கிக்கொள்ளுங்கள். பின்னால் காத்திருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

எடைச் சீட்டு கையில் வந்ததும் நான்கு சக்கரத்தின் எண்ணையும், ரிம்மின் பின்புறம் பொறித்திருப்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 14 அங்குலமே போதுமா, 15க்குப் போகவேண்டுமா என்று சேர்ந்து பார்க்கலாம். மே மாதம் முதல் வாரத்துக்குள் அனுப்பினால் டயர் வரவழைக்க நேரம் இருக்கும்.